சிதறல் வரைபடமும் அதில் இல்லாத புள்ளிகளும்

ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் முடிந்த கையோடு (3, –2) எங்கே இருக்கிறது என்று கேட்டால் மாணவர்கள் தூக்கத்திலும் காட்டிவிடுவார்கள். அந்தப் புள்ளி என்ன சொல்கிறது என்று கேட்டால், ‘நான்காம் கால்பகுதியில் இருக்கிறது’ என்பதோடு பதில் நின்றுவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் புள்ளிக்கு நாம் வேறு வேலை எதுவும் கொடுக்கவில்லை. பதினோராம் வகுப்பில் வணிகக் கணிதம் எடுப்பவர்கள் ‘ஒட்டுறவு’ என்ற பாடத்தைச் சந்திப்பார்கள். அங்கே சிதறல் வரைபடம் சற்றே தலைகாட்டும். அதற்குள் கார்ல் பியர்சனின் சூத்திரம் வந்து மொத்த நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். அறிவியல் பிரிவுக்கும் கலைப் பிரிவுக்கும் போகும் பலர் இரண்டு மாறிகளைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கமே இல்லாமல் பள்ளியை விட்டுப் போகிறார்கள்.

அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே, ஆயத்தொலை வடிவியலுக்கும் புள்ளியியலுக்கும் நடுவே, மூன்று நான்கு பாடவேளைகளைச் சிதறல் வரைபடத்துக்கு ஒதுக்குகிறேன். தேர்வுக்கு உதவுமா என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்கு, அளவுத்திட்டம் எடுப்பதிலும் புள்ளி குறிப்பதிலும் வரும் தவறுகள் இதில் குறைந்துவிடுகின்றன என்பதையே முதலில் சொல்வேன். உண்மையான காரணம் வேறு. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

உயரமும் கைவிரிப்பும்

தொடங்குவதற்கு எளிய இணை உயரமும் கைவிரிப்பும்தான். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, ஒரு கை நடுவிரல் நுனியிலிருந்து மறு கை நடுவிரல் நுனி வரை அளப்பது கைவிரிப்பு. ஒரு தையல் டேப், சுவரில் சாக்பீஸ் கோடு, இருவர் இருவராக மாணவர்கள். இருபது நிமிடத்தில் கரும்பலகை நிறைந்துவிடும். உயரம் கிடை அச்சில், கைவிரிப்பு செங்குத்து அச்சில். ஒரு மாணவருக்கு ஒரு புள்ளி.

இங்கே ஆண்டுதோறும் தவறாமல் வருபவை சில உண்டு. அச்சில் சம இடைவெளிகளில் 142, 155, 149 என்று தரவு வந்த வரிசையிலேயே எண்களை எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் எந்தத் தரவும் ஒழுங்கான கோடாகத் தெரியும் அல்லது எதுவுமே தெரியாது. அடுத்தது, புள்ளிகளைக் குறித்ததும் கை தானாகவே ஸ்கேலை எடுத்து அவற்றை வரிசையாக இணைக்கத் தொடங்கும். கோட்டு வரைபடம் வரைந்து பழகிய கை அது. ‘இந்தப் புள்ளி கவிதா, அந்தப் புள்ளி முருகன். இருவருக்கும் நடுவே கோடு போட்டால் அந்தக் கோட்டில் இருப்பவர் யார்?’ என்று கேட்டால் ஸ்கேல் கீழே போய்விடும். ஒரே அளவுள்ள இருவர் வந்தால் ஒரு புள்ளி மறைந்துவிடுகிறது. புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள்.

அச்சு சுழியத்தில் தொடங்க வேண்டுமா என்ற கேள்வியும் வரும், வர வேண்டும். பட்டை விளக்கப்படத்தில் சுழியத்திலிருந்து தொடங்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். அங்கே கண் ஒப்பிடுவது பட்டையின் நீளத்தை. அடியை வெட்டினால் நீளம் பொய்யாகிவிடும். இங்கே கண் பார்ப்பது புள்ளிகள் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்பதை. உயரம் 130 செ.மீ.யில் தொடங்கினால் போதும். சுழியத்தில் தொடங்கினால் வகுப்பு முழுவதும் தாளின் ஒரு மூலையில் ஒரே கறையாகக் கிடக்கும்.

படம் முடிந்ததும் அதைச் சுவரில் ஒட்டி, வகுப்பின் கடைசி வரிசைக்குப் போய் கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்வேன். அருகில் நின்றால் தன் புள்ளியைத்தான் தேடுவார்கள். தள்ளி நின்றால்தான் மேகம் தெரியும். அது இடமிருந்து வலமாக ஏறுகிறதா, இறங்குகிறதா, படுத்திருக்கிறதா? ஒல்லியாக இருக்கிறதா, பருமனாகவா? நேராகப் போகிறதா, வளைகிறதா? ஒரே கூட்டமா, இரண்டு கூட்டங்களா? கூட்டத்தை விட்டுத் தனியே நிற்பவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்ல வைத்த பிறகே நேரிடை ஒட்டுறவு, எதிரிடை ஒட்டுறவு என்ற பெயர்களைத் தருகிறேன்.

கைவிரிப்புப் படத்தில் மேகம் ஒல்லியாக ஏறும். பெரும்பாலோருக்கு இரண்டு அளவுகளும் ஏறக்குறைய சமமாக இருக்கும். இதற்கு ஒரு பயன்பாடும் உண்டு. முதுகெலும்பு வளைவு, கால் குறைபாடு போன்ற காரணங்களால் நிமிர்ந்து நிற்க முடியாதவர்களின் உயரத்தை மருத்துவர்கள் கைவிரிப்பைக் கொண்டு மதிப்பிடுவதுண்டு. மாணவர்களிடம் ஒரு கைவிரிப்பு அளவைக் கொடுத்து, படத்தைப் பார்த்து உயரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே எண்ணைச் சொன்னால் ஏற்காதீர்கள். அந்தக் கைவிரிப்பை ஒட்டிய புள்ளிகள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று பார்த்து, ‘இதிலிருந்து இது வரை இருக்கலாம்’ என்று சொல்லட்டும். மேகம் பருத்தால் அந்த இடைவெளியும் பெருக்கும். ‘வலுவான ஒட்டுறவு’ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாம் வேற்றுமை உதவிக்கு வருகிறது

படத்தை வாக்கியமாக மாற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ‘உயரம் கூடக்கூட கைவிரிப்பும் கூடுகிறது’ என்று எழுதுவார்கள். தமிழில் ‘கூடக்கூட’ என்ற அடுக்கு, எல்லாருக்கும் எப்போதும் என்ற உறுதியைத் தந்துவிடுகிறது. படத்திலோ தன்னைவிடக் குள்ளமானவரைவிடக் கைவிரிப்பு குறைந்த உயரமானவர் இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களைக் காட்டினால் ‘பெரும்பாலும்’ என்ற சொல் தானாக வந்து சேரும்.

அதைவிடப் பெரிய வழுக்கல், ‘உடன்’ என்பதிலிருந்து ‘ஆல்’ என்பதற்குப் போவது. இதற்குத் தமிழாசிரியரின் துணையை நாடலாம். மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஒடு, ஓடு என்பன உருபுகள். கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்பன பொருள்கள் என்று மாணவர்கள் படித்திருக்கிறார்கள். ‘வாளால் வெட்டினான்’ கருவி. ‘தாயோடு குழந்தை சென்றது’ உடனிகழ்ச்சி. தாய் குழந்தையை நடக்க வைத்தாள் என்று இரண்டாவது வாக்கியம் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து போனார்கள் என்று மட்டுமே சொல்கிறது. சிதறல் வரைபடம் காட்டுவது இந்த உடனிகழ்ச்சியை மட்டும்தான். ‘ஓடு’ போட்டு எழுத அதற்கு உரிமை உண்டு. ‘ஆல்’ போட்டு எழுத வேறு சான்று வேண்டும். இப்படிச் சொன்ன பிறகு மாணவர்கள் ஒருவர் வாக்கியத்தை ஒருவர் பிடித்துத் திருத்துகிறார்கள். ‘காரணம்’ என்றும் ‘தொடர்பு’ என்றும் விளக்கிக்கொண்டிருந்தபோது இது நடக்கவில்லை. ஒரே வேற்றுமைக்குள் இந்த இரண்டு பொருளும் அடங்கியிருப்பதே நாம் இவ்வளவு எளிதில் வழுக்குவதற்குக் காரணமோ என்று சில நேரம் தோன்றும். அது மொழியியலாளர்கள் பாடு.

இதை நன்றாக மனதில் நிறுத்தும் எடுத்துக்காட்டு ஒன்று. ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளின் பாத நீளத்தைக் கிடை அச்சிலும், ஒரு நிமிடத்தில் பிழையின்றி வாசிக்கும் சொற்களின் எண்ணிக்கையைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் என்ன தெரியும்? மேகம் ஏறும். பெரிய பாதம், நல்ல வாசிப்பு. அப்படியென்றால் செருப்புக் கடையில்தான் வாசிப்பு வருகிறதா? வகுப்பு சிரித்து முடித்ததும் ஒரு வேலை கொடுங்கள்: முதல் வகுப்புப் புள்ளிகளுக்குச் சிவப்பு, இரண்டாம் வகுப்புக்குப் பச்சை என்று வகுப்புக்கு ஒரு நிறம் பூசச் சொல்லுங்கள். ஒரே நிறத்துக்குள் பார்த்தால் ஏற்றம் ஏறக்குறைய காணாமல் போய்விடும். ஒவ்வொரு நிறமும் ஒரு சிறு உருண்டை. உருண்டைகள்தான் படியாக ஏறுகின்றன. படத்தில் அச்சே இல்லாத ஒரு மாறி, வயது, இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அருகில் தொடக்கப் பள்ளி இருந்தால் தலைமையாசிரியர் அனுமதியுடன் உண்மையாகவே அளந்து பார்க்கலாம். சின்னக் குழந்தைகளுக்கும் கொண்டாட்டமாக இருக்கும்.

ஒரே விடை, நான்கு படங்கள்

மேல்நிலை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் இந்தப் பகுதியை அப்படியே பயன்படுத்தலாம். 1973-இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறு தரவுத் தொகுதிகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். முதல் மூன்றுக்கும் x மதிப்புகள் ஒன்றே: 10, 8, 13, 9, 11, 14, 6, 4, 12, 7, 5.

முதல் தொகுதியின் y: 8.04, 6.95, 7.58, 8.81, 8.33, 9.96, 7.24, 4.26, 10.84, 4.82, 5.68.

இரண்டாவதன் y: 9.14, 8.14, 8.74, 8.77, 9.26, 8.10, 6.13, 3.10, 9.13, 7.26, 4.74.

மூன்றாவதன் y: 7.46, 6.77, 12.74, 7.11, 7.81, 8.84, 6.08, 5.39, 8.15, 6.42, 5.73.

நான்காவதில் எட்டாம் இடத்தைத் தவிர எல்லா x-உம் 8. எட்டாவது மட்டும் 19. y: 6.58, 5.76, 7.71, 8.84, 8.47, 7.04, 5.25, 12.50, 5.56, 7.91, 6.89.

வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து ஆளுக்கொரு தொகுதி கொடுத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். நான்கு குழுவுக்கும் x-இன் சராசரி 9, y-இன் சராசரி 7.50, ஒட்டுறவுக் கெழு ஏறக்குறைய 0.816. தொடர்புப் போக்குக் கோடும் ஒன்றே: y = 3 + 0.5x. ஒரு குழு இன்னொரு குழுவைப் பார்த்து எழுதிவிட்டதாகச் சண்டை வரலாம். பிறகு படம் வரையட்டும். முதலாவது சாதாரண மேகம். இரண்டாவது அழகான வளைவு, அதன் மேல் நேர்கோட்டைப் போட்டது தவறு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் கோட்டில் பிசகாமல் நிற்க, ஒன்று மட்டும் மேலே துள்ளி நிற்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றன. 19-இல் உள்ள ஒற்றைப் புள்ளியைக் கையால் மறைத்தால் ஒட்டுறவு என்ற பேச்சுக்கே இடமில்லை. படம் வரைந்துவிட்டுச் சூத்திரத்துக்குப் போவதா, சூத்திரத்தைப் போட்டுவிட்டுப் படத்துக்குப் போவதா என்ற விவாதம் என்னைப் பொறுத்தவரை இங்கேயே முடிந்துவிடுகிறது.

வரையாமல் விட்ட பதினாறு புள்ளிகள்

இனி, நான் இந்தப் பாடத்தை எடுப்பதற்கான உண்மையான காரணம். இருக்கிற புள்ளிகளைப் படிப்பது போலவே, இல்லாத புள்ளிகளையும் கேட்கத் தெரிய வேண்டும்.

1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கான்கார்டு நகரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து பாடம் நடத்தத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பூஸ்டர் ராக்கெட்டின் பகுதிகள் சேரும் மூட்டில் சூடான வாயு கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் அன்றைய கடுங்குளிரில் விறைத்துப்போய், தன் வேலையைச் செய்யத் தவறியது. (விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் அந்த ரப்பர்த் துண்டைப் பனிக்கட்டி போட்ட நீரில் முக்கிக் காட்டியது புகழ்பெற்ற நிகழ்ச்சி. அறிவியல் ஆசிரியர்கள் அறிவார்கள்.)

முந்தைய நாள் இரவே பூஸ்டரைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிரைக் குறித்து எச்சரித்தார்கள். பேச்சு நடந்தது. வெப்பநிலைக்கும் வளையம் பாதிக்கப்படுவதற்கும் தொடர்பு உண்டா? அதுவரை நடந்த 24 பயணங்களில் ஒன்றின் பூஸ்டர்கள் கடலில் மூழ்கிவிட்டன. மீதி 23 பயணங்களில் ஏழில் வளையம் பாதிக்கப்பட்டிருந்தது. விசாரணைக் குழுவின் அறிக்கையில் உள்ள படத்தின்படி அந்த ஏழு புள்ளிகள் இவை. கிடை அச்சு மூட்டின் வெப்பநிலை, ஃபாரன்ஹீட்டில். செங்குத்து அச்சு பாதிப்புகளின் எண்ணிக்கை: (53, 3), (57, 1), (58, 1), (63, 1), (70, 1), (70, 1), (75, 2).

முதலில் இந்த ஏழை மட்டும் கொடுத்து வரையச் சொல்கிறேன். நோக்கம் சொல்வதில்லை. மாணவர்கள் பார்ப்பது: குளிரிலும் பாதிப்பு, வெப்பத்திலும் பாதிப்பு, நடுவில் ஒன்று ஒன்றாக. ‘தொடர்பு இல்லை’ என்றே பெரும்பாலோர் எழுதுவார்கள். 75-இலும் பாதிப்பு வந்திருக்கிறதே என்பது அன்றைய பேச்சிலும் எழுந்த வாதம்தான்.

பிறகு கேட்கிறேன்: ‘மீதிப் பதினாறு பயணம் எங்கே?’ பாதிப்பே இல்லாததால் அவை கணக்கில் வரவில்லை. பாதிப்பு சுழியம் என்பதும் ஒரு தரவுதான். இப்போது செங்குத்து அச்சில் 0-க்கு நேராக இவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள்: 66, 67, 67, 67, 68, 69, 70, 70, 72, 73, 75, 76, 76, 78, 79, 81. பென்சில் 66-ஐத் தாண்டி இடப்பக்கம் போகவே போகாது. அதைக் கவனிக்கும் நொடியில் வகுப்பு அமைதியாகிவிடும். 65 டிகிரிக்குக் கீழே, அதாவது சுமார் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, நடந்த நான்கு பயணங்களிலும் பாதிப்பு. தப்பித்தது ஒன்றுகூட இல்லை. அதற்கு மேல் பத்தொன்பதில் மூன்று மட்டுமே. விசாரணைக் குழு இந்த இரண்டு படங்களையும் தன் அறிக்கையில் சேர்த்தே வைத்திருக்கிறது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஏவிய நேரத்தில் காற்றின் வெப்பநிலை 36 டிகிரி, சுமார் 2 டிகிரி செல்சியஸ். படத்தில் 36-க்கு நேராக என்ன இருக்கிறது? ‘அங்க ஒண்ணுமே இல்ல டீச்சர்’ என்பதுதான் சரியான விடை. 53-க்குக் கீழே ஒரு புள்ளிகூட இல்லை. கோட்டை நீட்டிக்கொண்டே போய் அங்கே எண் சொல்வது வேறு, அந்தப் பக்கம் நாம் போனதே இல்லை என்று சொல்வது வேறு.

நம் பள்ளியின் படம்

வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வரைபடங்கள் இப்போது கூட்டங்களில் அடிக்கடி வருகின்றன. அப்படி ஒரு கூட்டத்தில் பார்த்த படத்தில் மேகம் ஏறவில்லை, உருண்டையாகக் கிடந்தது. ‘தினமும் வந்தாலும் மதிப்பெண் வரவில்லை, வருகைக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை’ என்று ஒருவர் சொன்னார், பலர் தலையாட்டினார்கள். அச்சைப் பார்த்தால், எல்லாப் புள்ளியும் 85 விழுக்காட்டுக்கு மேல். முழுத்தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்து வரைந்த படம் அது. பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய் மூன்று மாதம் வராதவர், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றவர், பெயர் பதிவேட்டில் மட்டும் இருப்பவர், யாரும் அதில் இல்லை. கைவிரிப்புப் படத்தில் 150-லிருந்து 153 செ.மீ. வரை உள்ளவர்களை மட்டும் வெட்டி எடுத்தால் அங்கேயும் உருண்டைதான் தெரியும்; மாணவர்களிடம் ஒரு தாளில் சன்னல் வெட்டிப் படத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னால் அவர்களே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வீச்சு குறுகினால் தொடர்பு மறைந்துபோகும்.

தேர்வு எழுதாதவர்களை எப்படிக் குறிப்பது? சுழியம் போட்டு அச்சின் மேல் வைக்கக் கூடாது. சேலஞ்சர் படத்தில் பாதிப்பு சுழியம் என்பது ஆய்வு செய்து பார்த்துக் கண்டது. தேர்வு எழுதாதவரின் மதிப்பெண் சுழியம் அல்ல, அது தெரியாத எண். சுழியம் போட்டால் மேகம் பொய்யாகச் சரிந்து நம் வாதத்துக்கு வசதியாக இருக்கும், அவ்வளவுதான். எங்கள் வகுப்பில் படத்தின் அடியில், அச்சுக்கு வெளியே, ஒரு பட்டை வரைந்து அதில் அவர்களின் வருகையை மட்டும் சிறு கோடுகளாகக் குறிக்கிறோம். எத்தனை கோடுகள், எங்கே குவிகின்றன என்பது தெரியும். மேலே உள்ள மேகத்தைப் படிப்பவர் அடியில் உள்ள பட்டையையும் படித்தாக வேண்டும்.

தனித்து நிற்கும் புள்ளிகளும் உண்டு. வருகை குறைவாக இருந்தும் நல்ல மதிப்பெண் எடுப்பவர், ஒரு நாளும் விடாமல் வந்தும் தேர்ச்சி பெறாதவர். இரண்டாமவரின் புள்ளிதான் எனக்கு முக்கியம். அவர் தன் பங்கைச் செய்துவிட்டார். மேகத்தின் போக்கு அவருக்குப் பொருந்தவில்லை என்றால், பார்வைக் குறைபாடா, வாசிப்பா, பின்வரிசையா என்று தேட வேண்டியது நம் வேலை.

செய்முறையில் ஒரு எச்சரிக்கை. உயரம், கைவிரிப்பு படத்தில் பெயர் போடலாம். சிலருக்கு உயரமும் கூச்சம் தரும், கேட்டுவிட்டுப் போடுங்கள். மதிப்பெண், வருகை படங்களில் பெயரோ வரிசை எண்ணோ வேண்டாம், சுவரில் ஒட்டவும் வேண்டாம். அவை ஆசிரியர் கையேட்டுக்குள் இருக்கட்டும். மாணவர்களுக்கு வேண்டுமானால் முந்தைய ஆண்டுத் தரவை அடையாளம் நீக்கிக் கொடுக்கலாம். எனக்கு மூன்று பாடவேளை போதுமானதாக இருக்கிறது. ஆன்ஸ்கோம் தொகுதிகளையும் வரைவதென்றால் நான்காவது ஒன்று வேண்டும்.